எண்ணெயில் மிதந்த இரண்டு நாள்

என் அண்ணன் குடும்பம் போன கோடையில் நாலு நாள் வியன்னாவுக்குப் போய்விட்டு வந்தது. அன்றிலிருந்து எங்கள் வாட்ஸ்அப் குழுவில் வேறு பேச்சே இல்லை. அங்கே ஷோன்புருன் அரண்மனையில் மட்டும் 1,441 அறைகளாம். சாக்கர் டார்ட் என்று ஒரு சாக்லேட் கேக், 1832-இல் ஒரு சமையல்காரப் பையன் செய்ததாம். அண்ணன் அந்தக் கேக் துண்டை ஏழு கோணத்தில் படம் பிடித்து அனுப்பியிருந்தார். "நீங்களும் ஒரு தடவை போயிட்டு வாங்க" என்று மதினி வேறு.

ஆவணி மாதம் பிறந்ததும் நான் பதிலுக்கு ஒரே ஒரு படம் அனுப்பினேன். வாழையிலையில் பிய்த்துப் போட்ட பரோட்டா, அதன் மேல் சிவந்து மிதக்கும் சால்னா. கீழே "விருதுநகர்" என்று மட்டும் போட்டேன். குழுவில் ஐந்து நிமிஷம் சத்தமே இல்லை. பிறகு அண்ணன் கேட்டார்: "எத்தனை தின்னே?"

ஏழு. ஏழு தின்றேன். அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரையே.

விருதுநகருக்குச் சுற்றுலா போகிறோம் என்றபோது சென்னையில் எல்லோரும் ஒரே மாதிரிதான் சிரித்தார்கள். "அங்க பார்க்க என்ன இருக்கு? வெயில்தான் இருக்கு." உண்மைதான். அந்த ஊர்க்காரரான வசந்தபாலன் தன் ஊரை வைத்துப் படம் எடுத்தபோது அதற்கு 'வெயில்' என்றே பேர் வைத்தார். ஆனால் இரண்டு நாள் சுற்றியபின் எனக்குப் புரிந்தது, அந்த வெயில்தான் இந்தச் சீமையின் சமையல்காரர். மழையை நம்பி வயிறு வளர்க்க முடியாத கரிசல் பூமி. அதனால் மனுஷர்கள் வியாபாரத்தில் இறங்கினார்கள், எண்ணெய் ஆட்டினார்கள், மாடு வளர்த்தார்கள், தீக்குச்சி செய்தார்கள், காகிதத்தில் சாமி படம் அடித்தார்கள். நாக்குக்கும் கண்ணுக்கும் அங்கே கிடைப்பதெல்லாம் அதிலிருந்து வந்தவைதான்.

வியாழன் ராத்திரி எழும்பூரில் பொதிகை ரயில் ஏறினோம், நானும் என் வீட்டுக்காரரும். விடியும் நேரத்துக்கு விருதுநகர். லாட்ஜைப் பற்றிப் பேச வேண்டாம். ஏசி என்று எழுதியிருந்த அறையில் ஏசி இருந்தது, ஓடவில்லை, அவ்வளவுதான். குளித்துவிட்டுக் கிளம்பிவிட்டோம்.

முதலில் காமராஜர் வீடு. அண்ணனின் 1,441 அறைகளை மனதில் வைத்துக்கொண்டு உள்ளே போனேன். எண்ண வேண்டிய வேலையே இல்லை. நடுத்தெருவில் நாலு வீட்டோடு ஒரு வீடு. 1903 ஜூலை 15-ஆம் தேதி பிறந்து, 1954 முதல் 1963 வரை முதலமைச்சராக இருந்தவர் தன் அம்மாவுக்கு விட்டுவைத்த வீடு. சுவர் நிறையப் படங்கள், அவர் உடுத்திய துணிகள். முனிசிபாலிட்டிக்காரர்கள் அம்மாவுக்காக வீட்டுக்கே குழாய் இழுத்துக் கொடுத்ததையும், மகன் வந்து பார்த்து அதைப் பிடுங்கச் சொன்னதையும் எங்கள் அப்பா நூறு தடவை சொல்லியிருப்பார். வாசலில் நின்று, குழாய் எங்கே இருந்திருக்கும் என்று இவர் தேடினார். எனக்குக் காமராஜர் படித்த பள்ளிக்கூடத்தின் கதைதான் பிடிக்கும். க்ஷத்திரிய வித்யாசாலைக்கு வீட்டுக்கு வீடு தினம் ஒரு பிடி அரிசி எடுத்து வைப்பார்களாம். அந்தப் பிடி அரிசியில் நடந்த பள்ளியில் படித்த பையன்தான் பிற்பாடு தமிழ்நாட்டுப் பிள்ளைகளுக்கெல்லாம் மத்தியானம் சோறு போட்டான்.

தேசபந்து திடலையும் பார்த்தோம். 1956-இல் தியாகி சங்கரலிங்கனார், இந்த மாநிலத்துக்குத் தமிழ்நாடு என்று பேர் வைக்கக் கேட்டு 76 நாள் பட்டினி கிடந்து உயிரை விட்டாரே, அந்தப் பட்டினியை அவர் தொடங்கிய ஊர் இது. சாப்பிடவென்று வந்த ஊரில் அதை நினைத்தபோது ஒரு மாதிரி கூச்சமாக இருந்தது. உண்மையைச் சொன்னால், அந்தக் கூச்சம் சாயங்காலம் வரைதான் தாங்கியது.

நடுவில் பஜார். பேப்பரில் சின்ன வயசிலிருந்து "விருதுநகர் மார்க்கெட்" என்று பருப்பு விலை, எண்ணெய் விலை படித்திருக்கிறோமே, அந்த மார்க்கெட். மல்லி மூட்டை, வத்தல் மூட்டை, உளுந்து மூட்டை. வத்தல் கடை வாசலைத் தாண்டும்போது இவர் வரிசையாக ஒன்பது தும்மல் போட்டார். கடைக்காரர் கணக்கு நோட்டிலிருந்து தலையைத் தூக்காமலே, "அண்ணாச்சிக்கு ஊர் புதுசு போல" என்றார்.

இனி பரோட்டா.

இதை எல்லாரும் தப்பாகச் செய்கிறார்கள். காரில் போகிற வழியில் மத்தியானம் இறங்கி "விருதுநகர் பரோட்டா இருக்கா?" என்று கேட்கிறார்கள். விளக்கு வைக்கிற நேரத்துக்குத்தான் போக வேண்டும். கல் சூடேறி, எண்ணெய் தெளிந்து, முதல் ஈடு இறங்கிய பிறகு. பர்மா கடை என்று ஊரில் யாரைக் கேட்டாலும் கை காட்டுவார்கள், அதற்குப் பேர் பெரிது. ஆனால் பேர் தெரியாத தெருமுனைக் கடையிலும் எனக்கு ஏமாற்றம் இல்லை. முதல் நாள் ராத்திரி இரண்டு கடை ஏறி இறங்கினோம் என்பதை இங்கேயே ஒப்புக்கொள்கிறேன்.

கல்லுக்குப் பக்கத்திலேயே நின்று பார்த்தேன். நம் ஊரில் பரோட்டாக் கல் என்றால் தட்டையாக இருக்கும், மாஸ்டர் கரண்டியால் எண்ணெயைச் சுற்றி விடுவார். இங்கே கல்லின் நடுவில் பள்ளம். பள்ளத்தில் எண்ணெய் குளமாக நிற்கிறது. உள்ளங்கை அகலத்துக்குத் தட்டிய மாவு வட்டங்களை மாஸ்டர் ஓரத்தில் வரிசையாக அடுக்கி, ஒவ்வொன்றாக உள்ளே தள்ளுகிறார். அவை மூழ்கி, எழும்பி, சுற்றிச் சுற்றி முத்துமுத்தாக நுரை விடுகின்றன. வெள்ளை மஞ்சளாகி, மஞ்சள் பொன்னாகி, ஓரம் மட்டும் ஒரு மாற்று கூடச் சிவக்கும் நேரத்தில் கரண்டியால் மேட்டுக்கு ஏற்றுகிறார். எண்ணெய் வடிந்து குளத்துக்கே திரும்பிப் போகிறது. பிறகு இரண்டு கையாலும் ஓங்கி ஒரு அடி. 'சரக்' என்று அடுக்கு விடும் சத்தம். அந்தச் சத்தத்தைக் கேட்டுவிட்டு வேறு எதையும் ஆர்டர் செய்ய முடியாது.

"பிச்சுப் போடவா தாயி, முழுசாத் தரவா?"

பிச்சுத்தான் போட வேண்டும். இலையில் துண்டுதுண்டாக விழுந்ததும் சால்னாவை ஊற்றுவார்கள், கொஞ்சமாக அல்ல, துண்டுகள் பாதி முழுகும் அளவுக்கு. இப்போது உங்களுக்கு இரண்டு நிமிஷம்தான் அவகாசம். அந்த இரண்டு நிமிஷத்தில் அடிப்பக்கம் சால்னாவைக் குடித்து மெத்தென்று ஆகியிருக்கும், மேல்பக்கம் இன்னும் மொறுமொறுவென்று நிற்கும். ஒரே வாயில் இரண்டும். பெருஞ்சீரக வாசனை, தேங்காய், காரம், கடைசியில் பொரிந்த மைதாவின் லேசான இனிப்பு. பக்கத்தில் மட்டன் சுக்கா வைத்தார்கள். அதுவும் அருமை, ஆனால் நான் அதைச் சரியாகக் கவனிக்கவில்லை. மூன்றாவதுக்குப் பிறகு இவர் என் முகத்தைப் பார்த்து, "கொலஸ்ட்ரால் மாத்திரை எடுத்துட்டு வந்தியா?" என்று கேட்டார். நான் நாலாவதைக் கேட்டேன்.

எண்ணெய் வியாபாரத்தில் பேர் எடுத்த ஊரில் பரோட்டாவை எண்ணெயில் மிதக்கவிட்டதில் ஆச்சரியம் என்ன இருக்கிறது என்று எனக்குத் தோன்றியது. செட்டாகச் செலவழிக்கும் ஊர் என்று பேர், ஆனால் அந்தக் கல்லில் மட்டும் தாராளம்.

மறுநாள் காலை பஸ் பிடித்துச் சாத்தூர். சேவுக்காக மட்டும். அதற்குள் அங்கே வேறு என்ன பார்த்தீர்கள் என்று கேட்காதீர்கள். கடலை மாவில் பூண்டும் வத்தலும் அரைத்து விட்டுப் பிசைந்து, கண் கரண்டியில் வைத்து உள்ளங்கையால் தேய்க்கிறார்கள், பருமன் பருமனாக எண்ணெயில் விழுகிறது. சென்னையில் "சாத்தூர் காராச்சேவு" என்று பாக்கெட்டில் வருவது இதன் தூரத்துச் சொந்தம். சூட்டோடு வாங்கினால் காகிதம் எண்ணெயில் கண்ணாடி மாதிரி ஆகிவிடும், உள்ளே சேவு தெரியும். ஒரு கிலோ வாங்கினோம். பஸ் கிளம்புமுன் கால் கிலோ போயிற்று.

ஸ்ரீவில்லிபுத்தூர் போய்ச் சேரும்போது பத்து மணி. ஊருக்கு வெளியிலிருந்தே கோபுரம் வந்துவிடுகிறது. பதினொரு நிலை, 192 அடி. தமிழ்நாடு அரசு முத்திரையில் இருப்பது இந்தக் கோபுரம்தான் என்பார்கள். மதுரை மேலக்கோபுரம் என்று சண்டைக்கு வருகிறவர்களும் உண்டு. நான் அடியில் நின்று அண்ணாந்து பார்த்த நிமிஷத்தில் கட்சி சேர்ந்துவிட்டேன், இதுதான்.

உள்ளே எனக்குப் பிடித்தவை இரண்டு. ஒன்று, கண்ணாடிக் கிணறு. பெருமாளுக்குக் கட்டிய மாலையைத் தான் போட்டு அழகு பார்த்தாளே ஆண்டாள், அந்த இடம். எட்டிப் பார்த்தேன், வேறென்ன செய்ய? இரண்டாவது, அவள் இடது தோளோரம் இருக்கிற கிளி. தினமும் புதிதாகச் செய்கிறார்கள், முழுக்க இலையும் பூவும். உடம்பு மரவள்ளி இலை, மூக்கு மாதுளம்பூ. நாளைக்கு வாடப் போகிற ஒன்றுக்கு இன்றைக்கு மணிக்கணக்கில் உட்கார்ந்து மூக்கு வைக்கும் கைகளை நினைத்தபடியே வெளியே வந்தேன்.

வந்தால் பால்கோவா. எங்கே திரும்பினாலும் "ஒரிஜினல்", "அசல்", "பழைய கடை" என்று பலகை. வியன்னாவில் அந்தச் சாக்கர் டார்ட்டில் "ஒரிஜினல்" என்ற சொல் யாருக்குச் சொந்தம் என்று இரண்டு கடைகள் வருஷக்கணக்கில் கோர்ட்டில் நின்றார்களாம், 1963-இல்தான் ஓய்ந்ததாம். இங்கே கோர்ட்டுக்கெல்லாம் யாரும் போவதில்லை, பலகையை இன்னும் பெரிதாக்கிக்கொள்கிறார்கள். ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்துவிட்டது. அப்படியும் முதலில் அவசரப்பட்டு ஒரு கடையில் வாங்கி ஏமாந்தேன். பேர் வேண்டாம். சீனிப் பாகில் பாலைக் காட்டிய மாதிரி இருந்தது. பிறகு கோயிலில் பூக்கட்டிக்கொண்டிருந்த அம்மாவிடமே கேட்டோம். அவர் சொன்ன கடையில் அடுப்பிலிருந்து இறக்கிப் பத்து நிமிஷம்கூட ஆகாத கோவா. பாலும் சீனியும் தவிர வேறொன்றும் இல்லை. நாக்கில் வைத்ததும் முதலில் மணல்மணலாக, பிறகு நூல் விடுகிற மாதிரி இழைந்து, கடைசியில் காய்ச்சிய பாலின் அடிப்பிடித்த வாசனை ஒரு கீற்று. அந்தக் கீற்றுக்காகத்தான் அரைக் கிலோ கூட வாங்கினேன். சாமிக்கு அப்புறம் இவ்வூரில் யாரைக் கும்பிடுவது என்றால், மேற்கு மலையடிவாரத்தில் மேய்கிற மாடுகளைத்தான்.

சாயங்காலம் சிவகாசி. 1922-இல் அய்ய நாடார், சண்முக நாடார் என்று இரண்டு பேர் தீப்பெட்டித் தொழில் படிக்கக் கல்கத்தாவுக்கு ரயிலேறினார்கள். திரும்பி வந்து பற்றவைத்த குச்சி இன்னும் எரிகிறது. தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டும், லேபிளுக்கு அச்சு வேண்டும், அச்சகம் வந்தபின் காலண்டர் வந்தது. மருந்தைக் கையாளப் பழகியதும் மத்தாப்பு, வெடி. காற்றில் ஈரமில்லாத ஊர் என்பது எல்லாவற்றுக்கும் தோதாகப் போயிற்று.

அச்சகத் தெருவில் நடந்தால் வாசலுக்கு வாசல் மெஷின் சத்தமும் மசி வாசனையும். ஆடிப்பெருக்குக்கே அடுத்த வருஷ மாதிரிகள் வெளியாகிவிடுமாம். ஒரு கடையில் முருகர், பிள்ளையார், மாதா, மக்கா எல்லாரும் ஒரே கொடியில் காய்ந்துகொண்டிருந்தார்கள். இந்த வருஷத்துத் தீபாவளியே வரவில்லை, நான் அடுத்த வருஷத்துத் தீபாவளியின் கிழமையைப் பார்த்துவிட்டேன்.

டீக்கடையில் நின்றோம். வேலை முடிந்த பெண்களை இறக்கிவிட்டு ஒரு கம்பெனி பஸ் போனது. பக்கத்தில் வந்து டீ வாங்கிய பாட்டியின் விரல்களைப் பார்த்தேன். நுனியெல்லாம் வெள்ளி. நகக்கண்ணுக்குள், ரேகைக்குள், கழுவியும் போகாத மருந்து. 2012 செப்டம்பர் 5-ஆம் தேதி முதலிப்பட்டியில் பட்டாசு ஆலை வெடித்ததில் முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் செத்தது எனக்கு நினைவுக்கு வந்தது.

"எந்த ஊரு தாயி?"

"மெட்ராஸ் பாட்டி."

"வெடி வாங்கலையா?"

"ரயில்ல கொண்டுபோகக் கூடாதே."

"அப்ப அங்க போய் வாங்கி நல்லா வெடிங்க. அதுலதான் எங்க பொழப்பு." டீயை ஆற்றிக் குடித்துவிட்டு, காசையும் தானே கொடுத்துவிட்டு, போய்விட்டது. நான் அதற்கு என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று இன்னும் தெரியவில்லை. அந்தப் பக்கத்து அச்சகக் கடையில் ஒரு தினசரிக் காலண்டர் மட்டும் வாங்கிக்கொண்டேன், அடுத்த வருஷத்தது.

ராத்திரி மறுபடி பொதிகை. வண்டி விருதுநகர் தாண்டியதும் சேவுப் பொட்டலத்தைப் பிரித்தேன். பூண்டு வாசனை எங்கள் வரிசையை விட்டு அடுத்த வரிசைக்குப் போய் ஆளைக் கூட்டிவந்தது. எதிர் சீட்டுப் பெரியவர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார்.

"சாத்தூரா?"

"ஆமாங்க, எடுத்துக்கோங்க."

ஒரு பிடி எடுத்தார். மென்றுகொண்டே என் மடியிலிருந்த காலண்டரைப் பார்த்தார். "அடுத்த வருஷத்ததா? குடுங்கம்மா, தையில முகூர்த்தம் எப்பன்னு பார்க்கணும். பேத்திக்கு." வாங்கி, கட்டைவிரலால் தாள்களைத் தள்ளித் தள்ளி, தை மாதத்தில் ஒரு நாளில் நிறுத்தினார். திருப்பித் தரும்போது அந்தத் தாளில் எண்ணெய் வட்டமாக இறங்கியிருந்தது. விளக்குக்கு நேரே பிடித்தால் மறுநாள் தேதியும் தெரிந்தது.