பகதூர்: கொள்ளைக்காரன் மகனுக்குக் கிடைத்த கதை

பகதூரிடம் சூப்பர் பவர் எதுவும் கிடையாது. காவி ஜிப்பா, ஜீன்ஸ், தற்காப்புக் கலை பழகிய கைகால், அவ்வளவுதான். 1964இல் பேன்டம் கதைகளோடு தொடங்கிய இந்திரஜால் காமிக்ஸ், 1976இல் ஆபித் சுர்தி உருவாக்கிய இந்த உள்ளூர்க்காரனைக் களமிறக்கியது.

அடிதடி விறுவிறுப்புதான். பேலாவும் அவனுக்குச் சமமாக நின்று சண்டை போடுகிறாள். ஆனா கதையின் உயிர் அதில் இல்லை. பகதூரின் அப்பா பைரவ் சிங் ஒரு கொள்ளைக்காரன், போலீஸ் குண்டுக்குப் பலியானவன். பழிவாங்கத் துடிக்கும் மகனை போலீஸ் அதிகாரி விஷாலே அரவணைத்து வளர்க்கிறார். பிறகு அவன் ஊர்மக்களைத் திரட்டிக் காவல்படை அமைக்கிறான். சம்பல் கொள்ளைக்காரர்கள் ஜெயப்பிரகாஷ் நாராயணிடம் கூட்டமாகச் சரணடைந்தது 1972இல். மனிதன் திருந்துவான் என்ற அந்தக் காலத்து நம்பிக்கை இக்கதையிலும் இருக்கு.

இதை கம்போங் மேடானில் உட்கார்ந்து வாசிக்கும்போது வேறொன்று உறுத்துகிறது. 2001 மார்ச் கலவரத்தில் இங்கே 6 பேர் செத்தார்கள். அதற்கப்புறமும் நம்ம பையன்கள் நாலு பேர் சேர்ந்து நின்னா 'குண்டர் கும்பல்' என்ற பெயர் சுலபமாக ஒட்டிக்கொள்ளும். பகதூர் மனம் மாறுவதை நம்ப எனக்குச் சிரமமில்லை. விஷாலைத்தான் நம்ப முடியவில்லை. அப்பன் பெயரைக் கேட்டபிறகும் பையனுக்குக் கதவைத் திறந்துவிடும் அதிகாரி அவர். இந்த காமிக்ஸில் சூப்பர் பவர் உள்ள ஆள் அவர் ஒருத்தர்தான்.