பதினான்கு சக்கர நீளம்

நீராவி என்ஜின் மாடல் ஒன்றைக் கையில் கொடுத்தால் உடனே ரிவெட்டுகளைத் தேடுகிறவர்கள்தான் அதிகம். பாய்லர் தகட்டில் ஆணி வரிசை இருக்கிறதா, கேபினுக்குள் பிரஷர் கேஜ் தெரிகிறதா, நம்பர் பலகையைப் படிக்க முடிகிறதா என்று பூதக்கண்ணாடியோடு உட்கார்ந்துவிடுவார்கள். அதெல்லாம் கடைசியில் பார்க்க வேண்டியது. முதலில் மாடலை மேஜையில் வைத்து இரண்டடி தள்ளி நின்று, கண்ணை இடுக்கிப் பார்க்க வேண்டும். நுணுக்கமெல்லாம் மங்கிப்போன அந்த நிழலுருவம், நாம் ஸ்டேஷனில் பார்த்த அதே என்ஜின்தானா? ஆம் என்றால் மற்றதைப் பேசலாம். இல்லை என்றால் ஆயிரம் ரிவெட் இருந்தும் பயனில்லை.

நான் இங்கே எடுத்துக்கொள்வது ஒய்.பி. வகை என்ஜின். செங்கல்பட்டுக்காரர் ஒருவர் தன் வீட்டு அறையில் ஒரு ரயில் லே-அவுட் அமைக்க நினைத்தால், அவர் மனதில் முதலில் வர வேண்டியது இதுதான். மீட்டர்கேஜ் பாதையின் எக்ஸ்பிரஸ் என்ஜின் இது. முன்னால் நான்கு சிறு சக்கரம், நடுவில் ஆறு பெரிய சக்கரம், பின்னால் இரண்டு. உலகம் முழுவதும் பசிபிக் என்று சொல்லும் அமைப்பு. 1949 முதல் 1970 வரை மொத்தம் 871 கட்டினார்கள். தொடக்கத்தில் அமெரிக்காவின் பால்ட்வின், பிறகு கிளாஸ்கோவின் நார்த் பிரிட்டிஷ், மியூனிக்கின் கிராஸ்-மாஃபை, கடைசியில் நம் ஜாம்ஷெட்பூர் டெல்கோ.

செங்கல்பட்டு மீட்டர்கேஜ் ஊராக இருந்தது. 1870களில் தென்னிந்திய ரயில்வே சென்னையிலிருந்து தெற்கே இறங்கியபோது பிறந்த பாதை அது. அதற்கும் முன்பே, 1865-ல், அரக்கோணத்திலிருந்து காஞ்சிபுரத்துக்கு இந்தியன் டிராம்வே கம்பெனி மூன்றரை அடி அகலத்தில் ஒரு பாதை போட்டது. பின்னால் அதையும் மீட்டர்கேஜாக்கிச் செங்கல்பட்டோடு இணைத்தார்கள். தாம்பரத்துக்குத் தெற்கே மின்கம்பி 1960களில் வந்தது. கம்பி இல்லாத அரக்கோணம் கிளையில் அதன் பிறகும் கரி வண்டி ஓடிக்கொண்டிருந்தது. சென்னையின் மீட்டர்கேஜ் மின்ரயில்கள் 2004-ல் நின்றன. கொளவாய் ஏரிக்கரையை ஒட்டி அந்தக் குறுகலான தண்டவாளத்தில் அகன்ற உடம்போடு ஒரு நீராவி என்ஜின் வருவதைப் பார்த்தவர்கள் இன்னும் நிறையப் பேர் இருக்கிறார்கள். மாடல் அவர்கள் கண்ணுக்கு ஒப்ப வேண்டும்.

இங்கே ஒரு கணக்கு வருகிறது. வீட்டு லே-அவுட்டுக்கு உலகில் மிகப் பரவலாகப் பயன்படும் அளவு ஹெச்.ஓ. அதாவது 87-ல் ஒரு பங்கு. அதற்கான தண்டவாள இடைவெளி 16.5 மில்லிமீட்டர். ஐரோப்பிய ஸ்டாண்டர்ட் கேஜுக்கு அது கச்சிதம். நம் அகலப் பாதையோ 1676 மில்லிமீட்டர். 87-ஆல் வகுத்தால் 19 மில்லிமீட்டருக்கு மேல் வரும். அதனால் டபிள்யூ.பி., டபிள்யூ.ஜி. போன்ற நம் பெரிய என்ஜின்களை 16.5-ல் நிறுத்தினால் ஏறத்தாழ மூன்று மில்லிமீட்டர் கால் ஒடுங்கி நிற்கும். பக்கவாட்டில் அது தெரியாது. முன்னாலிருந்து பார்த்தால் உறுத்தும்.

மீட்டர்கேஜுக்கு அந்தத் தொல்லை இல்லை. ஆயிரத்தை 87-ஆல் வகுத்தால் 11.5. கடையில் கிடைக்கும் 12 மில்லிமீட்டர் தண்டவாளத்தோடு அரை மில்லிமீட்டர்தான் வித்தியாசம். சுவிட்சர்லாந்து மலை ரயில்களுக்காக பெமோ போன்ற கம்பெனிகள் வண்டிகளும், பீக்கோ தண்டவாளமும் பாயிண்டும் இந்த அளவில் செய்கிறார்கள். பழைய காஞ்சிபுரம் டிராம்வேயின் மூன்றரை அடியைக் கணக்கிட்டாலும் 12.3 வருகிறது. ஆக, அந்த 12 மில்லிமீட்டர் பாதை செங்கல்பட்டின் இரண்டு காலங்களுக்கும் பொருந்துகிறது. இந்திய அகலப் பாதை ரசிகர்களுக்கு வாய்க்காத அதிர்ஷ்டம் இது.

கேஜ் சரியானால் மட்டும் உருவம் வந்துவிடாது. அதற்கு மாமல்லபுரத்துச் சிற்பிகளின் அளவுமுறையைத்தான் நான் கையாள்கிறேன். சிற்ப சாஸ்திரம் உருவத்தை அடிக்கோல் வைத்து அளப்பதில்லை. முகத்தின் நீளம் ஒரு தாலம். முழு உயரம் அதன் மடங்கு: நவதாலம் என்றால் ஒன்பது முகம், தசதாலம் என்றால் பத்து. நான்கு அங்குலச் செப்புத் திருமேனியானாலும் ஆளுயரக் கருங்கல்லானாலும் மடங்கு மாறாது. 1957-ல் தொடங்கிய மாமல்லபுரம் அரசு சிற்பக் கல்லூரியின் மாணவர்களுக்குத் தாலமானம் அடிப்படைப் பாடம்.

நீராவி என்ஜினின் தாலம் அதன் பெரிய சக்கரம். ஒய்.பி.யின் ஓட்டுசக்கரம் 1372 மில்லிமீட்டர் விட்டம். கரி டெண்டரையும் சேர்த்த நீளம் சுமார் 19 மீட்டர். அதாவது பதினான்கு சக்கரம். அகலப் பாதை டபிள்யூ.பி.யின் சக்கரம் 1702 மில்லிமீட்டர், நீளம் சுமார் 24 மீட்டர். அதுவும் பதினான்கு! இரண்டும் அளவில் வேறு, ஆனால் ஒரே தாலத்தில் செதுக்கியவை. அவற்றைப் பார்த்ததும் ஒரே குடும்பம் என்று கண் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம் என்பேன்.

இந்தக் கணக்கை மாடலில் வைத்துப் பாருங்கள். சக்கரம் 15.8 மில்லிமீட்டர், நீளம் சுமார் 22 சென்டிமீட்டர் இருக்க வேண்டும். பல மாடல்களில் நீளம் சரியாக இருக்கும், சக்கரம் 14.5 ஆகச் சுருங்கியிருக்கும். மாடல் சக்கரத்தின் ஃபிளாஞ்ச் தடித்தது. மூன்று பெரிய சக்கரங்கள் ஒன்றோடொன்று உரசாமல் இருக்கச் செய்கிறவர் விட்டத்தைக் குறைத்துவிடுகிறார். அப்போது பதினான்கு பதினைந்தாகிவிடும். பாய்லர் வளர்ந்து, கால் குட்டையாகி, ஓட எழுந்த என்ஜின் உட்கார்ந்துவிடும். ரிவெட்டை எண்ணுகிறவருக்கு இது தெரியாது. இரண்டடி தள்ளி நிற்பவருக்கு ஏதோ குறை என்று உடனே தெரியும்.

அடுத்தது வெளிச்சம். ஒய்.பி.யின் சட்டம் அமெரிக்க மரபில் வந்த கம்பிச் சட்டம். பாய்லர் மேலே தூக்கி நிற்கும், அடியில் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் வானம் தெரியும். மாடலுக்குள் மோட்டார் வைக்க வேண்டும், பல்சக்கரம் வைக்க வேண்டும், எடைக்கு உலோகக் கட்டி வைக்க வேண்டும். சோம்பேறித்தனமாகச் செய்தவர் அந்த வானத்தை அடைத்துவிடுவார். நான் சமீபத்தில் பார்த்த ஒன்று பித்தளைத் தகட்டில் கையால் கட்டியது. மோட்டாரை ஃபயர்பாக்ஸுக்குள் நிமிர்த்தி மறைத்து, தண்டை மட்டும் கடைசிச் சக்கரத்துக்கு இறக்கியிருந்தார் அதைச் செய்தவர். பின்னால் மேஜை விளக்கை வைத்தபோது, முதல் இரண்டு சக்கரங்களுக்கு மேலே பாய்லரின் வயிற்றடியில் மெல்லிய ஒளிக்கீற்று ஓடியது. அந்த ஒரு கீற்றுக்காக அவர் எத்தனை இரவு உட்கார்ந்திருப்பார் என்று தோன்றியது. கேபினுக்குள் ஒன்றுமே இல்லை. எனக்கு அது குறையாகப் படவில்லை.

சிறியதில் எதை வைப்பது, எதை விடுவது என்பதுதானே கலை. மாமல்லபுரத்து ஐந்து ரதங்களில் தர்மராஜ ரதத்தை நிமிர்ந்து பாருங்கள். ஒவ்வொரு தளத்தின் விளிம்பிலும் கூடம், சாலை என்று குட்டிக் கோயில்கள் வரிசையாக நிற்கின்றன. மேலே போகப் போக எண்ணிக்கையும் குறைகிறது. கூடுகளுக்குள்ளிருந்து சின்ன முகங்கள் எட்டிப் பார்க்கின்றன. அங்கே இமை முடியைச் செதுக்கச் சிற்பி மெனக்கெடவில்லை. கூட்டின் வளைவு விழுத்தும் நிழலை மட்டும் விடாமல் பிடித்தார். கீழே நிற்பவர் கண்ணுக்கு அது போதும். நகுல சகாதேவ ரதத்தின் பக்கத்தில் ஏறத்தாழ உயிரளவில் ஒரு கல் யானை நிற்கிறது. அதை வைத்துத்தான் ரதத்தின் சிறுமை நமக்குப் புரிகிறது. மாடலுக்கு அந்த வேலையைச் செய்வது ஒரு மனித பொம்மை. 1:87-ல் ஆள் உயரம் இரண்டு சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. டிரைவர் பொம்மையைக் கேபின் படிக்கட்டருகே நிறுத்தினால், கைப்பிடி அவர் கைக்கு எட்டுகிறதா என்று தெரிந்துவிடும். நிஜத்தில் மூன்று சென்டிமீட்டர் தடித்த கைப்பிடிக் குழாய் மாடலில் மூன்றிலொரு மில்லிமீட்டர்தான் இருக்கலாம். பிளாஸ்டிக்கில் வார்த்த கைப்பிடி அதைப் போல மூன்று மடங்கு தடிக்கும். பொம்மையின் விரல் அதைப் பிடிக்கவே முடியாது.

நகரும் உறுப்புகளுக்கு வருவோம். நீராவி என்ஜினின் அழகே அங்கேதான். இருபுறமும் உள்ள கிராங்குகள் ஒன்றுக்கொன்று கால் சுற்று தள்ளி நிற்க வேண்டும். அந்தக் கால் சுற்று ஒரு நூல் பிசகினாலும் என்ஜின் நொண்டும். ஒய்.பி.யில் இருப்பது வால்ஷார்ட்ஸ் வால்வ் கியர். பிஸ்டன் தண்டோடு இணைந்த நெம்புகோல் முன்னும் பின்னும் ஆட, வளைந்த லிங்க் தன் அச்சில் தலையாட்ட, எல்லாம் சேர்ந்து வால்வை நகர்த்தும். மலிவான மாடலில் லிங்க் அசையாமல் ஒட்டப்பட்டிருக்கும். இன்னும் சிலவற்றில் ரிட்டர்ன் கிராங்க் ஒரு பக்கம் முன்னோக்கியும் மறுபக்கம் பின்னோக்கியும் சாய்ந்திருக்கும். நிஜ என்ஜின் அப்படி இருந்தால் கிளம்பவே கிளம்பாது. இதை நான் மன்னிப்பதில்லை. கைப்பிடி தடித்திருக்கலாம், வர்ணம் மினுக்கலாம், இயந்திரம் பொய் சொல்லக் கூடாது.

வளைவில் கொஞ்சம் விட்டுக்கொடுக்க வேண்டும். நம் மீட்டர்கேஜில் அனுமதிக்கப்பட்ட மிகக் கூர்மையான வளைவின் ஆரம் 109 மீட்டர். மாடலில் அது ஒன்றேகால் மீட்டர். வீட்டு அறையில் அரை மீட்டருக்கு மேல் ஆரம் கிடைப்பதே பெரிய விஷயம். அதனால் நடுச் சக்கரத்தின் ஃபிளாஞ்சை எடுத்துவிடுவார்கள், முன் போகி அகலமாகத் திரும்ப இடம் விட்டு சிலிண்டரைச் சற்று வெளியே தள்ளுவார்கள், என்ஜினுக்கும் டெண்டருக்கும் நடுவே இடைவெளி கூட்டுவார்கள். முதல் இரண்டையும் ஏற்கலாம். மூன்றாவது கண்ணைக் குத்தும். ஃபயர்மேன் கரி அள்ள ஒரு பள்ளத்தைத் தாண்ட வேண்டியிருக்கும். நேர்பாதையில் நெருங்கி, வளைவில் மட்டும் விலகும் இணைப்பு வைத்த மாடலுக்குக் கூடுதல் பணம் கொடுக்கலாம்.

ஓட்டம்தான் இறுதித் தேர்வு. வேகமாக ஓடும் மாடலைக் கண்டு யாரும் மயங்க வேண்டாம். மணிக்கு 60 கிலோமீட்டர் என்பது 1:87-ல் விநாடிக்கு 19 சென்டிமீட்டர்தான். ஆள் நடக்கும் வேகம், மணிக்கு 5 கிலோமீட்டர், ஒரு மீட்டர் பாதையைக் கடக்க ஒரு நிமிடத்துக்கு மேல் எடுக்கும். அந்த வேகத்தில் சக்கரம் ஒரு முறை சுற்ற மூன்று விநாடி. இரட்டைச் சிலிண்டர் என்ஜின் ஒரு சுற்றுக்கு நான்கு முறை மூச்சு விடும். ஒலி வைத்த மாடலானால் அந்த நான்கையும் எண்ணிப் பாருங்கள். மூன்றோ ஐந்தோ வந்தால் ஒலியும் சக்கரமும் தனித்தனியாக ஓடுகின்றன என்று அர்த்தம். இவ்வளவு மெதுவாகத் தடங்கலின்றி நகர, கனமான உடம்பும், நல்ல மோட்டாரும், நிறையச் சக்கரங்களிலிருந்து மின்சாரம் எடுக்கும் அமைப்பும் வேண்டும். ஒய்.பி.யின் டெண்டருக்கு இரண்டு போகி, எட்டுச் சக்கரம். அவற்றையும் ஓட்டுசக்கரம் ஆறையும் சேர்த்தால் பதினான்கு இடத்தில் மின்தொடர்பு. பாயிண்டின் நடுவே மின்சாரம் விட்டுப்போகும் சின்ன இடத்தைக்கூட அது சத்தமில்லாமல் தாண்டும்.

கடற்கரையில் வசிப்பவர்களுக்கு ஒரு சங்கதி. கோவளம் முதல் சதுரங்கப்பட்டினம் வரை உப்புக்காற்று எதையும் விடாது. பித்தளைத் தண்டவாளம் சீக்கிரம் கறுத்து மின்சாரத்தைத் தடுக்கும். நிக்கல் சில்வர் தண்டவாளம் அதைவிட நெடுநாள் தாங்கும். உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள், கீறலில் அழுக்கு தங்கும். ஐசோபுரோபைல் ஆல்கஹால் நனைத்த துணி போதும். மொட்டை மாடி அறையானால் சித்திரை வெயிலில் தண்டவாளம் நீளும், இணைப்புகளில் இடைவெளி விட்டே போட வேண்டும்.

நீலகிரி மலை ரயிலின் எக்ஸ் வகை என்ஜினை இதே 12 மில்லிமீட்டரில் வைக்கலாமே என்று சிலர் கேட்கிறார்கள். சுவிட்சர்லாந்தின் விண்டர்தூரில் பிறந்து, பின்னால் பொன்மலைப் பணிமனையில் புதிதாகவும் கட்டப்பட்ட அருமையான என்ஜின் அது. குட்டையானது, சின்ன அறையில் சுலபமாகத் திரும்பும். ஆனால் அதற்கு மலையும் நடுப்பல் தண்டவாளமும் வேண்டும். ஏரிக்கரையும் பாலாற்றுப் பாலமும் வைத்த லே-அவுட்டில் அதை ஓட்டுவது பொருந்தாது.

பெட்டியைத் திறந்ததும் எடுத்து ஓட்டும்படி ஒய்.பி. மாடல் கடைகளில் சாதாரணமாகக் கிடைக்காது. கையால் கட்டுகிறவரிடம் சொல்லிச் செய்யவேண்டும், அல்லது ஜப்பானிய, ஐரோப்பிய மாடலின் அடிச்சட்டத்தை வாங்கி மேலுடம்பைக் கட்டிக்கொள்ள வேண்டும். எந்த வழியானாலும், பணம் கொடுக்கும் முன் ஒரு மீட்டர் தண்டவாளமும் ஒரு ஸ்கேலும் கடிகாரமும் எடுத்துக்கொண்டு போங்கள். சக்கரத்தையும் நீளத்தையும் அளந்து வகுத்துப் பாருங்கள். பிறகு ஒரு மீட்டரை ஒரு நிமிடத்தில் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். இரண்டிலும் தேறினால் ரிவெட் குறைந்தாலும் வாங்குங்கள். தேறாவிட்டால் எவ்வளவு மினுக்கினாலும் திருப்பிக் கொடுத்துவிட்டு வாருங்கள்.