கொழுந்துக் கூடையும் வெண்திரையும்

ஒரு சமுதாயத்தின் படக்கலையை மதிப்பிடுவோர் கதைப்போக்கையும் நடிப்பையும் மட்டும் நோக்கி அமைதல் சாலாது. அச்சமுதாயத்துப் பெண்ணின் ஒரு நாட்பொழுதில் எத்துணைப் பகுதி திரையில் இடம்பெறுகின்றது என்பதும் உரைகல்லாதல் வேண்டும். தேயிலைத் தோட்டத்தைப் பொருளாகக் கொண்ட தமிழ்ப் படங்களுக்கு இவ்வுரைகல் பெரிதும் பொருந்தும்.

1885ஆம் ஆண்டில் புகைவண்டிப் பாதை நானுஓயாவை எட்டியது. அன்று தொட்டுப் பயணிகள் வண்டிச் சாளரத்தின் வழியே கண்டு மகிழ்வது, பச்சைச் சரிவில் வரிசையாக நின்று கொழுந்து பறிக்கும் பெண்களையே. திரைப்படப் பாடற் காட்சிகள் பலவும் அச்சாளரத்தருகிலேயே நின்றுவிடுகின்றன. விடியுமுன் அடுப்பு மூட்டுதலும், குழந்தையைப் பிள்ளைக்காம்பராவில் விடுதலும், பெரட்டுக்கு விரைதலும், கொழுந்து நிறுத்து முடித்து லயத்துக்கு மீண்டு மறுபடியும் அடுப்படியில் நிற்றலும் அக்காட்சியுள் அடங்கா.

தொழிற்சங்கத் தலைவராகிய வி. பி. கணேசன் தயாரித்து நடித்த 'புதிய காற்று' 1975இல் வெளிவந்தது. எஸ். இராமநாதன் இயக்க, தெளிவத்தை ஜோசப் உரையாடல் எழுதினார். மலையகத் தொழிலாளர் வாழ்வைத் திரைக்குக் கொணர்ந்த முன்னோடி முயற்சி என்னும் சிறப்பு அதற்கு என்றும் உண்டு. அப்படம் வெளிவந்த காலத்தில் தோட்டத்துப் பெண்ணின் நாட்கூலி ஆணின் கூலியினும் குறைந்திருந்தது. இருபாலார்க்கும் கூலி சமமாக்கப்பட்டது 1984இலேயே ஆம். தொழிலாளி என்ற சொல் ஆடவனையே நினைவூட்டிய காலம் அது.

தமிழகத்துத் தோட்ட வாழ்வைக் காட்டிய பாலாவின் 'பரதேசி' 2013இல் வந்தது. போல் ஹரிஸ் டானியலின் ஆங்கில நாவலைத் தழுவிய அப்படம், கங்காணியின் கடன்கணக்கில் கூலி கரைந்து போவதை நெஞ்சு பதறக் காட்டுகின்றது. கணவன் தப்பியோடியபின் மகளுடன் தனித்து உழைக்கும் மரகதம் தனிக்கதைக்கு உரியவள். ஆயினும் கதை இராசாவின் துயரத்தையே பற்றிச் செல்கின்றது. அங்கம்மா தோட்டத்துக்கு வந்து சேரும் இறுதிக் காட்சியிலும் அவன் கதறலே ஓங்கி ஒலிக்கின்றது. அவள் அங்கு வாழவிருக்கும் வாழ்வு தொடங்குமுன் படம் முடிந்துவிடுகின்றது.

அதே 2013இல் பேராதனைப் பல்கலைக்கழக ஆசிரியை சுமதி சிவமோகன் 'இங்கிருந்து' என்னும் படத்தை உருவாக்கினார். ஒரு கதாநாயகனைச் சுற்றிச் சுழலாது, மலையக மக்களின் குடியுரிமைத் துயரையும் உழைப்பையும் பல வாழ்க்கைகளின் வழியே நோக்குவது அப்படம். கதையின் தொடர்ச்சியை எதிர்பார்க்கும் சுவைஞருக்கு அது எளிதில் வசப்படாது எனினும், சாளரத்தை விட்டிறங்கி மலைச்சரிவில் கால் வைத்த படம் அஃது எனல் மிகையாகாது.

இனி வருவோர் செய்யத்தக்கது ஒன்றுண்டு. மனைவி ஈட்டிய கூலியைக் கணவனே பெற்றுக்கொள்ளும் வழக்கம் பல தோட்டங்களில் நெடுங்காலம் நிலவியது. சட்டம் கூலியைச் சமமாக்கிய பின்னும், அது யார் கையிற் சேர்கின்றது என்ற வினா எஞ்சி நின்றது. சம்பள நாளில் நீளும் அந்தக் கையை அருகிருந்து காட்டும் படமே மலையகப் பெண்ணின் உரிமையைப் பேசிய படமாகும்.