நட்சத்திர முகமும் ரவிவர்மா வெளிச்சமும்

சின்னமனூர், கம்பம் பக்கம் பழைய ஓட்டு வீடுகளில் இன்னும் சில சுவர்களில் ஒரு லட்சுமி நிற்கிறாள். தாமரைமேல் பாதம், பக்கத்தில் யானை, ஓரம் கறுத்த கண்ணாடிச் சட்டம். 1894இல் ஓவியர் ரவிவர்மா பம்பாயில் தொடங்கிய அச்சகத்தின் வழி வந்தவள் அவள். வண்ணத்துக்கு ஒரு கல் என்று ஒன்றன்மேல் ஒன்றாக அச்சேற்றிய படங்கள்தான் அரண்மனைச் சுவரிலிருந்த முகங்களை ஏலக்காய் வியாபாரி வீடுவரை கொண்டுவந்தன.

அந்த ஓவியங்களைக் கேமராவில் திரும்ப எழுப்பியவர் சென்னைப் புகைப்படக் கலைஞர் ஜி. வெங்கட்ராம். திரை நட்சத்திரங்களை எடுத்துப் பெயர் வாங்கியவர். சுஹாசினி மணிரத்னத்தின் 'நாம்' அமைப்புக்கான 2020 காலண்டரில் சமந்தா, ஸ்ருதி ஹாசன், ரம்யா கிருஷ்ணன், குஷ்பு போன்றோர் ரவிவர்மாவின் பெண்களாக வந்தார்கள்.

இது எவ்வளவு கடினம் என்பது வெளிச்சத்தைக் கவனித்தால் புரியும். ஓவியர் கன்னத்துக்குத் தனியாக, மூக்குத்திக்குத் தனியாக ஒளி வைக்கலாம். தூரிகை அவர் கையில். கேமராக்காரருக்கு ஒரே விளக்கு இரண்டின் மேலும் விழும். கன்னம் பளிச்சென்று வர வேண்டும் என்று கூட்டினால் சரிகை வெளுத்துப்போகும். சரிகையைக் காப்பாற்றினால் தாடைக்குக் கீழே நிழல் கரியாகிவிடும். அட்டிகைக்கும் கழுத்துக்கும் நடுவிலுள்ள அந்த விரற்கடை இடத்தைப் பாருங்கள். படம் தேறியதா என்பது அங்கேதான் தெரியும்.

இன்னொரு சிக்கல், முகம். ரவிவர்மாவுக்கு மாதிரியாக உட்கார்ந்த பெண் யாரென்று பார்ப்பவருக்குத் தெரியாது. தமயந்தி மட்டுமே தெரிவாள். இங்கே நட்சத்திரம் முந்திக்கொள்கிறார். பார்வை சட்டத்துக்கு வெளியே போகும் படங்களில்தான் அந்த அவசரம் அடங்குகிறது. நேராக நம்மைப் பார்த்தால் அது சினிமா ஸ்டில். என் ஓட்டு முன்னதற்குத்தான்.

காலண்டர் வருஷம் முடிந்தால் பரணுக்குப் போகும். சுவரில் தங்குவதற்கென்று புகைப்படக்காரர்கள் எண்ணிக்கை வைத்துப் பிரிண்ட் போட்டுக் கையெழுத்திட்டு விற்பதும் உண்டு: 25 பிரதியில் மூன்றாவது என்றால் 3/25 என்று எண் இருக்கும். செப்புத்தகட்டு அச்சில் முதல் பிரதிகள் கூர்மையாக விழும், தகடு தேயத் தேய மங்கும். அங்கே எண்ணுக்கு அர்த்தமுண்டு. இன்றைய இங்க்ஜெட்டில் மூன்றாவதும் இருபத்தைந்தாவதும் ஒன்றே. சின்ன எண்ணுக்குக் கூடுதல் விலை கேட்டால் கொடுக்காதீர்கள். கையெழுத்தைக் கூர்ந்து பாருங்கள். புகைப்படக் கலைஞர் யூசுஃப் கார்ஷ் எடுத்த சர்ச்சில் படம் ஒட்டாவா ஹோட்டல் ஒன்றில் திருடுபோய்ப் போலி தொங்குவது 2022இல் தெரியவந்ததில், பொருந்தாத கையெழுத்தும் காட்டிக்கொடுத்தது.

வாங்கினால், பருத்திக் காகிதமா, பிக்மென்ட் மையா என்று கேளுங்கள். பிரேம் போடும் கடையில் கண்ணாடி படத்தில் ஒட்டாமல் நடுவே மவுண்ட் அட்டை வைக்கச் சொல்லுங்கள். ஆனி, ஆடிச் சாரலில் நம் பக்கத்துச் சுவர்கள் ஈரம் கோக்கும். ஒட்டிய படத்தில் பூஞ்சாணம் வந்தால் பிரித்தெடுக்க முடியாது.