விட்டுவிட்டு எரியும் சாவிக்கொத்து விளக்கு: குறை எங்கே?

நூலை விமர்சிக்கிறோம், திரைப்படத்தை விமர்சிக்கிறோம். அன்றாடம் கையாளும் சிறு கருவிகளை மட்டும் விமர்சிப்பதில்லை. வாங்குகிறோம், கெட்டால் எறிந்துவிடுகிறோம். அப்படிப்பட்ட ஒரு கருவியை இங்கே எடுத்துக்கொள்வோம்: சாவிக்கொத்தில் தொங்கும் சின்னஞ்சிறு டார்ச் விளக்கு. பொத்தானை அழுத்தினால் எரிகிறது; கை அசைந்தால் மங்குகிறது; தட்டினால் மீண்டும் எரிகிறது. இந்தக் குறைக்குப் பொறுப்பு எது? மின்கலமா, விளக்கா, செய்தவரா?

இதை நகரத்துத் தெருவில் சோதித்துப் பயனில்லை. அங்கே தெருவிளக்கு துணைக்கு இருக்கும். ஜவ்வாது மலையை நினைத்துப் பாருங்கள். அம்மலையிலுள்ள காவலூரை வானாய்வுக்கு ஏற்ற இடமாக 1960-களில் வைணு பாப்பு தேர்ந்தெடுத்தார். நகர வெளிச்சம் எட்டாத இருள் அதற்கு ஒரு முக்கிய காரணம். 1972-ல் அங்கே 1 மீட்டர் தொலைநோக்கியும், 1986-ல் 2.34 மீட்டர் தொலைநோக்கியும் இயங்கத் தொடங்கின. விண்மீனை நோக்குபவருக்கு உதவும் அதே இருளில்தான் மலையில் வாழ்பவர் வீடு திரும்ப வேண்டும். இரவில் நடமாடும் கட்டுவிரியன் பாதையில் கிடக்கலாம். விளக்கு ஒரு நொடி அணைந்தால், நடப்பவர் ஏறத்தாழ ஒரு மீட்டர் தூரத்தைப் பார்க்காமலே கடக்கிறார்.

இன்னொன்றும் உண்டு. வெளிச்சத்துக்குப் பழகிய கண், இருளில் முழுப் பார்வை பெற 20 முதல் 30 நிமிடங்கள் ஆகும். ஆகவே விளக்கு திடீரென்று அணைந்தால், விளக்கே இல்லாமல் வந்தவரைவிட விளக்கோடு வந்தவருக்குத்தான் கண் தெரியாது! நம்ப முடியாத விளக்கு, விளக்கின்மையைவிட மோசமானது என்பது வெறும் பேச்சல்ல.

பாராட்ட வேண்டியது

இவ்விளக்கில் ஒளி தருவது எல்.இ.டி. எனப்படும் ஒளி உமிழ் டையோடு. இதில் அறுந்துபோக இழை இல்லை. நீல ஒளி தரும் டையோடு கிடைத்த பிறகே வெள்ளொளி எல்.இ.டி. விளக்குகள் கைகூடின. அதற்காக அகாசாகி, அமானோ, நகமுரா ஆகிய மூவருக்கும் 2014-ல் இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது. விட்டுவிட்டு எரியும் விளக்கில் பெரும்பாலும் இந்த டையோடு குற்றவாளி அல்ல.

பாடநூல் சொல்லாதது

பாடநூலில் மின்சுற்றுப் படம் பார்த்திருப்பீர்கள். மின்கலம், ஸ்விட்ச், விளக்கு. இவற்றை இணைக்கும் கோடுகள். அக்கோடுகளுக்கு மின்தடை இல்லை என்று கொள்கிறோம். கணக்குப் போட அது வசதிதான். ஆனால் உண்மையான விளக்கில் குறை ஒளிந்திருப்பது அந்தக் கோட்டில்தான்.

இரண்டு உலோகப் பரப்புகள் தொட்டுக்கொண்டிருப்பதாக நமக்குத் தோன்றும். உருப்பெருக்கிப் பார்த்தால் இரண்டிலும் மேடும் பள்ளமும் தெரியும். சில மேடுகள் மட்டுமே ஒன்றையொன்று தொடுகின்றன. மின்னோட்டம் அவ்வழியே மட்டும் செல்கிறது. அங்கே தூசியோ, வியர்வை உப்போ, ஆக்சைடு படலமோ சேர்ந்தால் மின்தடை ஏறுகிறது. தகட்டின் அழுத்தம் தளர்ந்தாலும் அப்படியே. அசைவுக்கு அசைவு இந்தத் தடை மாறுவதால் ஒளியும் மாறுகிறது.

ஒரு சிறு கணக்கு: நாணய வடிவ லித்தியம் மின்கலம் 3 வோல்ட் தருகிறது. வெள்ளை எல்.இ.டி.க்கும் ஏறத்தாழ 3 வோல்ட் தேவை. தொடும் இடத்தில் 30 ஓம் தடை சேர்ந்துவிட்டால், 10 மில்லி ஆம்பியர் ஓடவே அங்கு 0.3 வோல்ட் செலவாக வேண்டும். கையிருப்பில் அந்த உபரி இல்லை. எனவே மின்னோட்டம் சட்டென்று குறைகிறது. இழை பல்பு இத்தகைய இழப்பில் சற்று மஞ்சளாகும், எல்.இ.டி.யோ வெகுவாக மங்கிவிடும்.

நீங்களே பாருங்கள்

உறையை இருபுறமும் விரலால் அழுத்துங்கள். ஒளி நிலைத்தால் குறை தொடுமுனையில். முதலில் நன்றாக எரிந்து, அசையாமலே மெல்ல மங்கி, சற்று ஓய்வுக்குப் பின் மீண்டும் எரிந்தால் மின்கலம் தளர்ந்துவிட்டது. இரண்டையும் சரிசெய்த பிறகும் மினுக்கினால், டையோடின் கால் பற்றவைப்பு விட்டிருக்கலாம்.

தொடுமுனைக் குறைக்கு மருந்து எளிது. திருகைக் கழற்றி, மின்கலம் எந்தப் பக்கம் பார்த்து இருக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். மரக்குச்சியால் அதை எடுங்கள். உலோக இடுக்கி இரு முனைகளையும் இணைத்துக் குறுக்குச் சுற்றாக்கிவிடும். தகட்டையும் மின்கலத்தையும் பென்சில் அழிப்பானால் தேய்த்து, உலர்ந்த துணியால் துடையுங்கள். உப்புத்தாள் வேண்டாம், முலாம் போய்த் துரு ஏறும். தகட்டை நூலளவு மேலே வளைத்துவிட்டு மூடுங்கள்.

கண்டிக்க வேண்டியது

இத்தனையும் செய்ய விளக்கு திறக்க வேண்டுமே! பசையால் ஒட்டப்பட்ட உறைகள் பல வருகின்றன. ஒரு துடைப்பில் தீரும் குறைக்காக முழு விளக்கும் குப்பைக்குப் போகிறது. வேறு சில, நகத்தால் நெம்பினாலே திறக்கின்றன. இது அதைவிட ஆபத்து. குழந்தை விழுங்கிய நாணய மின்கலம் உணவுக்குழாயில் சிக்கினால், அதன் மின்னோட்டம் ஈரத்தில் காரத்தை உண்டாக்கி 2 மணி நேரத்துக்குள்ளேயே கடும் புண்ணை ஏற்படுத்தக்கூடும். வாந்தி எடுக்க வைக்காமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும். தீர்ந்த மின்கலத்தின் இரு முகங்களையும் ஒட்டுநாடாவால் மூடி, குழந்தைக்கு எட்டாமல் வையுங்கள்.

எனவே நமது தீர்ப்பு: ஒளி மூலம் நன்று, இணைப்பு மோசம், உறை பெரும்பாலும் பொறுப்பற்றது. வாங்கும்போது திருகு போட்ட உறையா என்று பாருங்கள். கடையிலேயே எரியவிட்டுக் குலுக்கிப் பாருங்கள். அந்தச் சோதனையில் தேறாத விளக்கை மலைப்பாதைக்கு எடுத்துச் செல்லாதீர்கள். ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: மின்சுற்றுப் பாடத்தின்போது பழுதான விளக்கு ஒன்றையும் வகுப்புக்குக் கொண்டுவாருங்கள். படத்திலுள்ள நேர்கோடு எங்கே விட்டுப்போகிறது என்பதை மாணவர்களே கண்டுபிடிக்கட்டும்.