பேசாத எவாஞ்சலின்

1908-இலிருந்து 1929 வரை, மௌனப்படக் காலத்திற்குள் மட்டும், எவாஞ்சலின் என்ற பெண்ணின் கதை வட அமெரிக்காவில் ஐந்து முறையாவது படமாகியிருக்கிறது. காலெம், செலிக் நிறுவனங்கள் எடுத்த முதல் இரண்டும் சில நிமிடங்களில் முடியும் குறும்படங்கள். 1913-இல் ஹாலிஃபாக்ஸ் நகரின் கனடியன் பயோஸ்கோப் நிறுவனம் ஐந்து ரீல்களில் ஒன்றை எடுத்தது. 1919-இல் ஃபாக்ஸ் நிறுவனத்துக்காக ரவுல் வால்ஷ், தன் மனைவி மிரியம் கூப்பரை நாயகியாக்கி இன்னொன்றை எடுத்தார். கடைசியாக 1929-இல் எட்வின் கரூ இயக்கி, டொலோரெஸ் டெல் ரியோ நடித்த படம் வந்தது. முழுநீளப் படங்கள் மூன்றில் இந்த ஒன்றுதான் மிஞ்சியிருக்கிறது. அதைப் பார்த்து முடித்தபோது எனக்குள் எழுந்த கேள்வி மொழியைப் பற்றியது. பிரெஞ்சு பேசியதாலும், கத்தோலிக்கராக இருந்ததாலும், இங்கிலாந்து அரசருக்காக ஆயுதம் ஏந்த மறுத்ததாலும் நாடு கடத்தப்பட்ட ஒரு மக்களின் கதையை, யாருடைய குரலும் கேட்காத ஒரு கலை இத்தனை முறை ஏன் தேடிப் போனது?

கதை இதுதான். அகேடியா நாட்டின் கிரான்-ப்ரே கிராமத்தில் எவாஞ்சலினுக்கும் கொல்லன் மகன் காப்ரியேலுக்கும் மண ஒப்பந்தம் முடிகிறது. படை வந்து ஊரைக் காலி செய்கிறது. கடற்கரைக் குழப்பத்தில் இருவரும் வெவ்வேறு கப்பல்களில் ஏற்றப்படுகிறார்கள். அதன்பின் ஆயுள் முழுக்க அவள் அவனைத் தேடுகிறாள். லூசியானாவின் நீரோடைகளில் அவள் படகில் உறங்கிக் கிடக்கும்போது, தீவின் மறுபுறமாக அவன் படகு கடந்து போகிறது. கடைசியில் பிலடெல்பியாவில், கொள்ளைநோய்க் காலத்தில், ஏழைகள் விடுதியில் நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் கன்னியராக நரைத்த தலையோடு நிற்கும்போது, சாகக் கிடக்கும் கிழவன் ஒருவனில் காப்ரியேலை அடையாளம் காண்கிறாள்.

நம் அகத்திணை வழக்கில் பிரிந்து போகிறவன் தலைவன், வீட்டில் காத்திருப்பவள் தலைவி. அந்த வழக்கை மீறிக் காவிரி கொண்டுபோன ஆட்டனத்தியைத் தேடிக் கரைநெடுக அலைந்த ஆதிமந்தியைத்தான் எவாஞ்சலின் எனக்கு நினைவூட்டினாள். ஆனால் ஆதிமந்தியின் துணைவனைக் கொண்டுபோனது ஆற்று வெள்ளம். எவாஞ்சலினின் துணைவனைக் கொண்டுபோனது கையெழுத்திட்ட அரசாணை. இந்தக் கதையை எழுதிய அமெரிக்கக் கவிஞர் லாங்ஃபெல்லோவின் கவிதையும் அதைத் தழுவிய படங்களும் இந்த இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை மெல்ல மெல்ல அழித்துவிட்டன என்பதே என் வருத்தம்.

நடந்தது என்னவென்று பார்ப்போம். அகேடியர்கள் 17-ஆம் நூற்றாண்டில் பிரான்சிலிருந்து வந்து, இன்றைய நோவா ஸ்கோஷியாவில் ஃபண்டி விரிகுடாவின் ஓரத்தில் குடியேறியவர்கள். உலகிலேயே மிக உயரமாக ஓதம் ஏறி இறங்கும் கடல் அது; சில இடங்களில் 16 மீட்டர் வரை போகும். அந்தக் கடலிடமிருந்து அவர்கள் நிலத்தைப் பிடுங்கினார்கள். உவர்ச் சதுப்பைச் சுற்றிப் புல்லும் மண்ணுமாகக் கரை எழுப்புவார்கள். கரைக்கு அடியில் குடைந்த மரத்தை மதகாக வைப்பார்கள். அதனுள் ஒரு மரக்கதவு தொங்கும். வற்றும்போது உள்ளிருக்கும் மழைநீர் அதைத் தள்ளித் திறந்துகொண்டு கடலுக்குப் போகும். ஓதம் ஏறும்போது கடல்நீரே அதை அடித்துச் சாத்திவிடும். இரண்டு மூன்று ஆண்டு மழையில் உப்பெல்லாம் கழுவிப் போனபின் விளையும் கோதுமைக்கு ஈடு கிடையாது. அபுவாத்தோ என்று அந்த மதகுக்குப் பெயர். அந்தக் கடலோரத்தில் மிக்மாக் பழங்குடியினரோடு இவர்கள் கொண்டிருந்த நெருக்கமும் அப்போது அங்கே ஆட்சி செய்த இங்கிலாந்து அதிகாரிகளின் கண்ணை உறுத்தியது. நிபந்தனையற்ற விசுவாச உறுதிமொழியை இவர்கள் தர மறுத்தார்கள். ஆளுநர் சார்லஸ் லாரன்ஸ் வெளியேற்ற ஆணையிட்டார்.

1755 செப்டம்பர் 5, பிற்பகல் மூன்று மணி. கிரான்-ப்ரே தேவாலயத்துக்குப் பத்து வயதுக்கு மேற்பட்ட ஆண்கள் எல்லாரும் வரவேண்டுமென்று அழைப்பு. 418 பேர் உள்ளே போனபின் கதவு அடைபட்டது. தளபதி ஜான் வின்ஸ்லோ ஆங்கிலத்தில் ஆணையை வாசிக்க, மொழிபெயர்ப்பாளர் பிரெஞ்சில் சொன்னார். நிலமும் வீடும் கால்நடையும் அரசருக்குச் சொந்தம். கையில் உள்ள பணத்தையும் வீட்டுச் சாமான்களையும் மட்டும் எடுத்துக்கொள்ளலாம். ஐந்து நாள் கழித்து இளைஞர்களை முதலில் கப்பலேற்ற முயன்றபோது, தந்தையர் இல்லாமல் போகமாட்டோம் என்று அவர்கள் நின்றுவிட்டார்கள். துப்பாக்கி முனையில் கத்தி செருகித்தான் நகர்த்த முடிந்தது. கடற்கரைவரை ஒன்றரை மைல் தூரமும் பெண்களும் பிள்ளைகளும் வழியோரம் நின்று அழுததை வின்ஸ்லோவே தன் நாட்குறிப்பில் எழுதிவைத்திருக்கிறார்.

அன்று அந்த இளைஞர்கள் கேட்டது தங்கள் தகப்பன்மாரை. காதலர் பிரிவு என்ற ஒற்றை இழைக்குள் கதையைச் சுருட்டும்போது முதலில் விடுபட்டுப் போவது இதுதான். 1755 தொடங்கி எட்டு ஆண்டுகளுக்கு மேல் இந்த வெளியேற்றம் நீண்டது. பத்தாயிரம் பேருக்கு மேல் துரத்தப்பட்டார்கள். பல ஆயிரம் பேர் நோயிலும் கடலிலும் மாண்டார்கள். 1758 டிசம்பரில் டியூக் வில்லியம் என்ற ஒரே கப்பல் மூழ்கியதில் மட்டும் முந்நூறுக்கு மேற்பட்டோர் இறந்தனர். காலியான வயல்களுக்கு 1760 முதல் நியூ இங்கிலாந்துக் குடியேறிகள் கூட்டங்கூட்டமாக வந்தார்கள். கிரான்-ப்ரேயைக் காலி செய்த வின்ஸ்லோவும் அவருடைய வீரர்களும்கூட நியூ இங்கிலாந்துக்காரர்களே.

அதே நியூ இங்கிலாந்தில் பிறந்த கவிஞர்தான் ஹென்றி வாட்ஸ்வொர்த் லாங்ஃபெல்லோ. ஹோரஸ் கொனொலி என்ற பாதிரியார் ஒரு விருந்தில் இந்தக் கதையைச் சொன்னார். அதை எழுத நாவலாசிரியர் ஹாதார்னுக்கு மனமில்லாமல் போக, லாங்ஃபெல்லோ எடுத்துக்கொண்டார். கவிதை 1847-இல் வெளிவந்தது. அவர் நோவா ஸ்கோஷியாவையும் பார்த்ததில்லை, லூசியானாவையும் பார்த்ததில்லை. லூசியானாவின் ஆறுகளை அவர் கண்டது பாஸ்டன் நகர அரங்கு ஒன்றில்தான். 1846-இன் இறுதியில் ஜான் பான்வார்ட் என்ற ஓவியர் மிசிசிப்பி ஆற்றை நீண்ட துணிச்சுருளில் வரைந்து, இரண்டு உருளைகளுக்கு இடையே சுற்றிச் சுற்றிக் காட்டினார். இருட்டில் அமர்ந்திருப்பவர் கண்முன்னால் ஆறு நகர்ந்துபோனது. சினிமா பிறக்க இன்னும் அரை நூற்றாண்டு இருந்தது. இருந்தாலும் எவாஞ்சலினின் படகுப் பயணம் ஓடும் படத்திலிருந்து எழுதப்பட்டது என்று சொல்வதில் தவறில்லை. சினிமாக்காரர்கள் அடுத்தடுத்து இந்தக் கதையை எடுத்ததற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம் என்பது என் எண்ணம். கவிதையிலேயே காட்சிகள் காட்சிகளாகப் பிரிந்து கிடக்கின்றன.

கவிதை குற்றத்தை எங்கோ இருக்கும் இங்கிலாந்து அரசர் மேல் ஏற்றுகிறது. படகில் ஏற்றிய கைகள் பாஸ்டன் பக்கத்துக் கைகள் என்பதை அது பேசுவதில்லை. மிக்மாக் மக்களும் கிட்டத்தட்ட அதில் இல்லை. படங்கள் இந்த இடைவெளிகளை அப்படியே வாங்கிக்கொண்டன. தவிர, 1755-இல் துரத்தப்பட்டவர்கள் நேராக லூசியானாவுக்குப் போய்ச் சேரவில்லை. ஆங்கிலேயக் குடியேற்றங்களில் சிதறி, சிலர் இங்கிலாந்தில் சிறைப்பட்டு, சிலர் பிரான்சில் வாடினார்கள். 1760-களின் நடுவில்தான் முதல் பெருங்கூட்டம் லூசியானா வந்தது. 1785-இல் பிரான்சிலிருந்து ஏழு கப்பல்களில் ஏறத்தாழ 1,600 பேர் வந்தார்கள். முப்பது ஆண்டுகள் நாடுநாடாக நடந்த இந்த அலைச்சலில் தாத்தாக்களும் பேரப்பிள்ளைகளும் இருந்தார்கள். ஒரு பெண்ணின் தேடலாக அதைச் சுருக்கினால் கண்ணீர் வரும், கணக்கு வராது.

தொலைந்த படங்களைப் பற்றி நிறையச் சொல்ல வழியில்லை. 1913 படம், கனடாவில் எடுக்கப்பட்ட முதல் முழுநீளக் கதைப்படமாகத் திரைவரலாற்றாளர்கள் கொள்வது. நோவா ஸ்கோஷியாவிலேயே எடுத்தார்கள். 1914 தொடக்கத்தில் ஹாலிஃபாக்ஸில் திரையிட்டார்கள். அதே ஆண்டு போர் மூண்டது, நிறுவனம் நீடிக்கவில்லை. சில நிழற்படங்கள் மட்டும் எஞ்சின. வால்ஷின் 1919 படமும் கிடைக்கவில்லை. ஃபாக்ஸின் மௌனப்பட இருப்பில் பெரும்பகுதி 1937 ஜூலையில் நியூ ஜெர்சியின் லிட்டில் ஃபெர்ரியில் நடந்த கிடங்குத் தீயில் போய்விட்டது. நைட்ரேட் ஃபிலிம் அப்படிப்பட்டது: தானாகவே பிசுபிசுத்து, பழுப்புத் தூளாக உதிரும், பற்றிக்கொண்டால் அணைக்க முடியாது. அமெரிக்க மௌனக் கதைப்படங்கள் ஏறத்தாழ 10,900-இல் முதலில் வெளியான வடிவத்திலேயே மிஞ்சியவை 14 விழுக்காடு மட்டும் என்று அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் 2013-இல் வெளியிட்ட ஆய்வு கணக்கிட்டது.

மிஞ்சிய 1929 படத்துக்கு வருவோம். இயக்குநர் எட்வின் கரூ சிகாசா பழங்குடி மரபில் வந்தவர். அவருடைய முன்னோரும் 1830-களில் அரசாணையால் சொந்த நிலத்திலிருந்து மேற்கே துரத்தப்பட்டவர்கள். டொலோரெஸ் டெல் ரியோ மெக்சிகோவின் துராங்கோவில் பிறந்தவர். புரட்சிக் காலத்தில், சிறுமியாக இருக்கும்போது, குடும்பத்தோடு அந்த ஊரைவிட்டு ஓடியவர். இந்த இருவரும் முந்தைய ஆண்டில் எடுத்த ‘ரமோனா’வும் கலிஃபோர்னியாவில் நிலமிழந்த பழங்குடிகளின் கதைதான். திரைக்கதை இரண்டுக்கும் கரூவின் சகோதரர் ஃபினிஸ் ஃபாக்ஸ். இவர்கள் இதையெல்லாம் எண்ணிப் பார்த்துத்தான் கதையைத் தேர்ந்தார்களா என்பதை விட்டுவிடலாம். கடற்கரையில் மூட்டைகளோடும் கிழவர்களோடும் கூட்டம் தள்ளப்படும் காட்சியில் காதலர்களைவிட அந்தக் கூட்டத்தின் மேல்தான் என் கண் போயிற்று.

தேவாலயக் காட்சியை மறுபடி எண்ணிப் பாருங்கள். வரலாற்றில் அங்கே இரண்டு மொழிகள் ஒலித்தன: ஆணையிட்ட மொழி ஒன்று, அதைக் கேட்டு நொறுங்கியவர்களின் மொழி ஒன்று. நடுவில் ஒரு மொழிபெயர்ப்பாளர். மௌனப்படத்தில் இந்த மூவரும் ஒரே எழுத்தட்டைக்குள் அடங்கிவிடுகிறார்கள், அதுவும் ஆங்கிலத்தில். தளபதியும் அகேடியக் கிழவனும் ஒரே எழுத்துருவில் பேசுகிறார்கள். எந்த வேறுபாட்டுக்காக அந்த மக்கள் துரத்தப்பட்டார்களோ, அந்த வேறுபாடு திரையில் இல்லவே இல்லை. முகங்கள் மட்டும் அழுகின்றன. உலகம் முழுக்கப் புரிந்த கலை என்று மௌனப்படத்தைப் போற்றுவார்கள், நானும் போற்றுகிறேன். ஆனால் இந்தக் கதையில் அந்தப் புரிதலுக்குக் கொடுத்த விலை பெரிது.

படம் வந்த 1929-இல் டெல் ரியோவுக்கும் குரல் ஒரு சிக்கலாக இருந்தது. பேசும்படம் வந்துவிட்டது. அந்நிய உச்சரிப்புள்ள நடிகைகளின் எதிர்காலம் ஹாலிவுட்டில் ஆட்டம் கண்டிருந்தது. கரூ நடுவழி ஒன்றைக் கண்டார். படத்தில் வசனம் கிடையாது. ஒத்திசைத்த இசையும் ஓசைகளும் உண்டு. டெல் ரியோ பாடுகிறார். அல் ஜால்சனும் பில்லி ரோஸும் எழுதிய பாட்டு அதற்கு. பேச அனுமதியில்லாத அகேடியப் பெண்ணாக, பேச இடம் கிடைக்காத மெக்சிகோ நடிகை பாட மட்டும் வாய் திறக்கிறார். பின்னாளில் அவர் மெக்சிகோ திரும்பி, ‘மரியா கண்டெலாரியா’வில் தன் ஸ்பானிய மொழியிலேயே நடித்தார். அந்தப் படம் 1946-இல் கான் விழாவில் பெரும் பரிசு பெற்றது.

‘எவாஞ்சலின்’ வெளியானபோது லூசியானாவில் என்ன நடந்துகொண்டிருந்தது? 1921-இன் மாநில அரசமைப்பு, பள்ளிகளில் ஆங்கிலத்தை மட்டுமே பாடமொழியாக்கியிருந்தது. அகேடியர் வழிவந்த கேஜன் குழந்தைகள் பள்ளியில் பிரெஞ்சு பேசியதற்காகத் தண்டனை பெற்றார்கள். அதே காலத்தில் செயின்ட் மார்ட்டின்வில் ஊரில், தேவாலயத்துக்குப் பக்கத்தில், டெல் ரியோவின் சாயலில் எவாஞ்சலினுக்கு வெண்கலச் சிலை எழுந்தது. எம்மலின் லபிஷ் என்ற உண்மையான எவாஞ்சலினின் கல்லறை இருக்கும் இடம் அதுதான் என்று ஊர் நம்பிற்று. அந்த எம்மலினே 1907-இல் ஃபெலிக்ஸ் வூரீஸ் எழுதிய சிறு நூலிலிருந்து வந்தவள் என்றும், ஆவணத்தில் அவளுக்குச் சான்றில்லை என்றும் வரலாற்றாளர் கார்ல் பிராசோ விரிவாகக் காட்டியிருக்கிறார். மூதாதையின் சிலையை வணங்கச் சொல்லிவிட்டு, அவள் பேசியிருக்கக்கூடிய மொழியைப் பேசிய பிள்ளையை அடித்த காலம் அது. அந்தச் சிலையின் படத்தைப் பார்க்கும்போதெல்லாம் இதுதான் எனக்கு முன்னால் வந்து நிற்கிறது.

ஆனாலும் அகேடியர்கள் இந்தக் கடன்வாங்கிய பெண்ணைத் தள்ளிவிடவில்லை. பம்ஃபில் லெமே 1865-இல் கவிதையைப் பிரெஞ்சுக்குக் கொண்டுவந்ததும் அவர்கள் அவளைத் தம் வீட்டுப் பெண்ணாக ஏற்றுக்கொண்டார்கள். 1887-இல் தொடங்கி 1982 வரை வந்த அவர்களுடைய செய்தித்தாளின் பெயரே ‘லெவான்ஜெலின்’. 1930-இல் வெளியேற்றத்தின் 175-ஆம் ஆண்டுக்கு லூசியானாவிலிருந்து பெண்கள் எவாஞ்சலின் உடை உடுத்திக் கிரான்-ப்ரேவுக்கு யாத்திரை போனார்கள். துயரத்துக்கு ஒரு பெயர் தேவைப்பட்ட மக்களுக்கு அந்தப் பெயரை வெளியாள் ஒருவன் கொடுத்திருந்தான். அவர்கள் அதை வீணாக்கவில்லை.

எதிர்ப்பும் அவர்களிடமிருந்தே வந்தது. 1970-களில் அகேடிய எழுத்தாளர் அந்த்வானின் மாயே தன் நாடகத்தில், முதுமையில் ஊர்விட்டு ஊர் வந்து காதலிக்கும் ‘இரண்டாம் எவாஞ்சலினை’ மேடையேற்றினார். 1979-இன் ‘பெலஜி-லா-ஷரெத்’ நாவலில், தேடி அலைந்து மடியும் கன்னிக்குப் பதிலாக, மாட்டுவண்டியில் தன் மக்களைக் கூட்டிக்கொண்டு பத்தாண்டுகள் வடக்கே நடந்து ஊர் திரும்பும் விதவைத் தாயை நிறுத்தினார். அந்த நாவலுக்குக் கோன்கூர் பரிசு கிடைத்தது. திரையில் இந்த மாற்றத்தைச் செய்தவர்கள் ஆவணப்படக்காரர்கள். பியர் பெரோவும் மிஷெல் பிரோவும் சேர்ந்தெடுத்த ‘லகாதி, லகாதி?!?’ (1971) படத்தில் மாங்க்டன் பல்கலைக்கழக மாணவர்கள் தங்கள் மொழிக்காகக் கூட்டம் போடுகிறார்கள், வாதாடுகிறார்கள், சோர்ந்து அழுகிறார்கள். அகேடியரின் பிரெஞ்சு அதன் சொந்த ஏற்ற இறக்கத்தோடு திரையில் கேட்டது. கரூவின் படத்தையும் இதையும் அடுத்தடுத்து திரையிட வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

கரூவின் ‘எவாஞ்சலின்’ யுசிஎல்ஏ திரைப்பட ஆவணக்காப்பகத்தின் உழைப்பில் மீண்டது. பல்லாண்டு தொலைந்துபோனதாகக் கருதப்பட்ட ‘ரமோனா’வின் பிரதி பிராகில் கிடைத்தது. யாரும் எதிர்பார்க்காத கிடங்குகளில் பெட்டிகள் கிடைக்கத்தான் செய்கின்றன. எனக்குப் பார்க்க ஆசையெல்லாம் ஹாலிஃபாக்ஸின் அந்த ஐந்து ரீல்கள்தான். நடிப்பு எப்படியோ இருக்கட்டும். ஹாலிவுட் கடல் இல்லாத, அகேடியர்கள் கப்பலேறிய அதே கரைநாட்டில் எடுத்த முழுநீள எவாஞ்சலின் அது.