நரைத்த பின் வந்த தூரிகை

1881இல் ஜான் காலியர் லண்டன் லின்னேயன் சங்கத்துக்காகச் சார்லஸ் டார்வினை வரைந்தார். தளர்ந்து தொங்கும் கறுப்பு மேலங்கி, கையில் தொப்பி, நெஞ்சில் இறங்கும் வெண்தாடி. பின்னால் வெறும் பழுப்பு இருள். புத்தகம் இல்லை, நுண்ணோக்கி இல்லை, பதக்கம் இல்லை. வெளியே கிளம்பும் நேரத்தில் சற்றே நின்று நம்மைப் பார்ப்பவர்போல் நிற்கிறார். விக்டோரியா காலத்து அறிஞர் ஓவியங்களில் இதற்கு இணையாக வேறொன்றை என்னால் சொல்ல முடியவில்லை. அவரை நெருங்கி அறிந்த பலரும் இதையே சிறந்த சாயலாகக் கருதினார்கள். டார்வினுக்கும் அதில் உடன்பாடுதான் என்று மகன் பிரான்சிஸ் எழுதியிருக்கிறார்.

அறிஞரை வரையும் மரபின் வலிமை இந்த எளிமையில்தான். பிரபுக்களின் படங்களுக்குப் பட்டும் தூணும் திரைச்சீலையும் பெருமை சேர்த்தன. அறிஞரை வரைந்தவர்களில் சிறந்தவர்கள் நெற்றியையும் கண்களையும் நம்பினார்கள். ஜி. எப். வாட்ஸ் 1873இல் தீட்டிய ஜான் ஸ்டூவர்ட் மில் படத்தில், களைத்த அந்த முகத்தைத் தவிரக் கண்ணை இழுக்க எதுவுமில்லை. சிந்தனையும் மதிக்கத்தக்க உழைப்பே என்று ஒரு சமூகம் ஒப்புக்கொண்டதை அதில் காண்கிறேன்.

ஆனால் தூரிகை காலம் தாழ்ந்து வந்தது. காலியர் வரைந்தபோது டார்வினுக்கு வயது 72. அடுத்த ஆண்டே மறைந்தார். பீகிள் கப்பல் ஏறியபோது அவருக்கு 22. ஜார்ஜ் ரிச்மண்ட் 1840இல் தீட்டிய நீர்வண்ணப் படத்தில், பரிணாமக் குறிப்பேடுகளை அப்போதுதான் நிரப்பி முடித்திருந்த இளைஞரைப் பார்க்கலாம். கருத்து பிறந்தபோது இருந்த முகம் அதுதான். உலகின் மனத்தில் பதிந்ததோ கிழவர்.

அதைவிடப் பெரிய குறை, அறிஞரைத் தனியாளாக்குவது. பீகிள் பயணத்தில் பறவைகளைச் சுட்டுப் பதப்படுத்திய உதவியாளர் சிம்ஸ் கோவிங்டன், டார்வினுக்குத் தகவல் தந்த புறா வளர்ப்போர், தோட்டக்காரர்கள் ஆகியோர் இல்லாமல் அவருடைய நூல்கள் அந்த வடிவம் பெற்றிருக்காது. முகத்தை உயர்த்துகிற அதே வெற்றுப் பின்னணி இவர்களைத் துடைத்துவிடுகிறது. பெண்களுக்கோ படம் கிடைத்தாலும் இடம் கிடைக்கவில்லை. அறிவியல் எழுத்தாளர் மேரி சாமர்வில்லைத் தாமஸ் பிலிப்ஸ் 1834இல் வரைந்தார்; ராயல் சொசைட்டி அவருடைய மார்பளவுச் சிலையை வைத்ததே தவிர அவரை உறுப்பினராக்கவில்லை. முதல் பெண் உறுப்பினர்களை அது தேர்ந்தெடுத்தது 1945இல்தான்.

வெற்றுப் பின்னணிக்கு மாற்று இல்லாமலில்லை. காலியரே 1883இல் தன் மாமனாரான உயிரியலாளர் ஹக்ஸ்லியை வரைந்தபோது கையில் ஒரு மண்டையோட்டைக் கொடுத்தார். இவர் எதைத் தொட்டு, எதை ஒப்பிட்டு வாதிட்டார் என்பது உடனே விளங்குகிறது. டார்வின் படத்தின் ஆழம் இதில் இல்லைதான். ஆயினும் டார்வின் அருகே ஒரு புறாக்கூண்டு இருந்திருந்தால் அந்த முகத்தின் கம்பீரம் சிறிதும் குறைந்திருக்காது என்றே நினைக்கிறேன்.